சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்: புல்வெட்டி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு

மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற ரோட்டில் ஒரு கல்லூரி மைதானம். அங்கே 11 வருஷமாக உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி ஓட்டுகிறேன். ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு லிவர்தான். இடதை முன்னால் தள்ளி வலதைப் பின்னால் இழுத்தால் நின்ற இடத்திலேயே சுற்றும். பசங்கள் ‘தட்டாமாலை வண்டி’ என்பார்கள். போன மாதம் ஒரு தம்பி புதிதாக வந்தார். டிராக்டர் ஓட்டியவர், “இது என்னண்ணே, பொம்மை மாதிரி இருக்கு” என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

டிராக்டர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இன்ஜினை ஓடவிட்டுக் குதித்து இறங்கி, பின்னால் என்ன சிக்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். இந்த வண்டியில் அது நடக்காது, நடக்கவும் கூடாது. சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பிளேடு சுற்றும்போது ஓட்டுகிறவர் எழுந்தால் இன்ஜின் நின்றுவிடும்.

எனக்கு அது முதல் வருஷம் பெரிய தொல்லையாக இருந்தது. மேடு பள்ளத்தில் கொஞ்சம் குலுங்கினாலே இன்ஜின் ‘பொக்’கென்று அணையும். பட்டறையில் சொன்னேன். சுவிட்ச் ஒயரைக் கழற்றி இரண்டு முனையையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார் மெக்கானிக். நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். இரண்டாவது வாரம், சிமெண்ட் சாக்கு ஒன்று புல் வெளியேறும் வாயில் மாட்டியது. இறங்கி இழுத்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது என் மண்டையில் ஏறவே இல்லை. சாக்கைப் பிளேடு பிடித்து உள்ளே இழுத்தது. நல்லவேளை, விரலில் சுற்றாமல் உள்ளங்கையில் இருந்தது. தோல் உரிந்ததோடு போயிற்று.

அணைந்ததற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. நான் 54 கிலோ. சீட் ஸ்பிரிங் என்னைப் போல ஒன்றரை ஆள் உட்காருகிற அளவுக்கு விறைப்பாக வைக்கப்பட்டிருந்தது. அதைத் தளர்த்தியதும் குலுங்கினாலும் அணையவில்லை. ஐந்து நிமிஷ வேலை. ஆகவே தினமும் காலையில் சமதளத்தில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, பிளேடை ஓடவிட்டு உட்கார்ந்த இடத்திலிருந்து லேசாக எழுந்து பாருங்கள். இன்ஜின் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்கு வண்டி ஷெட்டில்தான். யார் திட்டினாலும் சரி.

அடைப்பு எடுக்கும் முறை இது: பிளேடு குமிழை அமுக்கி நிறுத்து, பார்க்கிங் பிரேக்கைப் போடு, இன்ஜினை அணை, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடு. அப்புறம் பிளேடு நிற்கும்வரை காத்திரு. இன்ஜின் நின்ற பிறகும் அது சில விநாடி சுற்றும். ஸ்பார்க் பிளக் ஒயரையும் கழற்றிவிட்டு, கையால் அல்ல, கம்பால் குத்தி எடு. நாம் கம்பால் குத்தும்போது இன்ஜின் தற்செயலாக ஸ்டார்ட் ஆகிவிடக்கூடாது, அதற்குத்தான் பிளக் ஒயர்.

இனி கல். அமெரிக்கத் தரத்தில் பிளேடு நுனிக்கு வைத்திருக்கும் வரம்பு நிமிஷத்துக்கு 19,000 அடி. கணக்குப் போட்டால் மணிக்கு 347 கிலோமீட்டர் வருகிறது. அந்த வேகத்தில் போனால் மதுரையிலிருந்து திருச்சிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அதில் ஒரு கருங்கல் சில்லு அடிபட்டால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வெட்டுவதற்கு முன் சாக்கோடு மைதானத்தை நடந்தே சுற்றுவேன். வேலிக் கல்தூண் நட்டபோது சிதறிய சில்லுகள், சோடா மூடி, உடைந்த ஸ்டம்ப், கட்டுக்கம்பி எல்லாம் கிடைக்கும். ஆண்டு விழா முடிந்த வாரம்தான் ரொம்ப மோசம். பந்தல்காரர்கள் கயிற்றை அவிழ்ப்பார்கள், முளையைப் பிடுங்க மாட்டார்கள். அருகம்புல்லுக்குள் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளை கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். புல் வெளியேறும் வாயின் மூடித்தகட்டை ‘இடைஞ்சல்’ என்று சிலர் மேலே தூக்கிக் கட்டுவார்கள். கட்டாதீர்கள். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கம் வந்தால் பிளேடை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். காதில் இயர்போன் மாட்டியவர்களுக்கு நம் சத்தம் கேட்காது. பின்னால் எடுக்கும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டே எடுங்கள். எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டி எந்த வேலியிலும் நுழையும்.

மைதானத்தின் மேற்கே கண்மாய்க் கரை. அங்கேதான் தம்பியோடு எனக்குச் சண்டையே வந்தது. டிராக்டரில் முன் சக்கரம் திருப்பும். இதில் முன் சக்கரம் இரண்டும் சும்மா உருளுகிற சக்கரம், கடை டிராலியில் இருப்பது போல. ஓடுவது, திரும்புவது, நிற்பது எல்லாமே பின் சக்கரத்தை நம்பித்தான். சரிவில் பின் சக்கரம் வழுக்கினால் எதுவும் நம் கையில் இல்லை.

எங்கள் வண்டிக் கையேட்டில் 15 டிகிரிக்கு மேல் ஏற்றக்கூடாது என்று இருக்கிறது. டிகிரி அளக்கக் கருவி வேண்டாம். 4 அடிச் சட்டத்தின் ஒரு முனையைச் சரிவின் மேல் பக்கம் தரையில் வைத்து, கொத்தனாரின் ரசமட்டத்தை அதன் மேல் வைத்து மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் இடைவெளி ஓர் அடியைத் தாண்டினால் வண்டி வேண்டாம். கரையில் அளந்தபோது ஒன்றேகால் அடி இருந்தது. தம்பி சட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, “சரிண்ணே” என்று, தோளில் மாட்டிப் புல் வெட்டும் தோள்வெட்டியை எடுத்தார். அளவுக்குள் இருக்கிற சரிவிலும் பனி காய்ந்த பிறகுதான் போக வேண்டும், சட்டென்று திருப்பக்கூடாது. விளிம்பு, கால்வாய், கிணறு என்றால் வண்டி அகலத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நின்றுவிடுங்கள்.

சீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்பு வளைவு நிற்கும். வண்டி கவிழ்ந்தால் நம்மை நசுக்காமல் தாங்குவது அதுதான். வளைவு நிமிர்ந்திருந்தால் பெல்ட் போட வேண்டும். வேப்பமரக் கிளைக்காக மடக்கினால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் கவிழ்கிற வண்டியோடு நம்மையும் கட்டிவைத்த மாதிரி ஆகிவிடும். மரத்தடியைத் தாண்டியதும் மறக்காமல் நிமிர்த்திப் பெல்ட்டைப் போடுங்கள்.

மற்றது எல்லாம் உங்களுக்கே தெரியும். செருப்பு கூடாது, ஷூ. கழுத்துத் துண்டு கூடாது, தொப்பி. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. பெட்ரோலை ஷெட்டுக்குள் ஊற்றாதீர்கள், இன்ஜின் ஆறிய பிறகு வெளியே ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்கு ஏறி ஒன்பதரைக்கு இறங்கிவிடுகிறோம்; வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்தால் லிவரைப் பிடித்திருக்கும் கை என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

சாக்கில் சேர்கிற முளையையும் கம்பியையும் மாதக் கடைசியில் பழைய இரும்புக் கடையில் போடுகிறோம். போன மாதம் இரண்டு பேருக்கும் டீயும் ஆளுக்கு இரண்டு வடையும் வந்தது.