அகரத்தில் உடையாத ஹெடர் பார்சர் எழுதுவது எப்படி

நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி கிட்; அதில் ஒரு மாற்றப் பதிவுக்குப் பெயர் கமிட். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. முதலில் ட்ரீ வரி, அடுத்து பேரன்ட் (முதல் கமிட்டில் இருக்காது, மெர்ஜ் என்றால் இரண்டோ கூடவோ வரும்), அப்புறம் ஆத்தர், கமிட்டர், ஒரு வெற்று வரி, அதன் கீழே செய்தி. வெற்று வரிக்கு மேலே இருப்பவைதான் ஹெடர்; அதைப் பிரித்துப் படிக்கும் நிரல்தான் பார்சர். இதைப் படிக்கப் பத்து வரி பைத்தான் போதும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். போதும்தான், எல்லாரும் பெயரை ஆங்கிலத்திலேயே எழுதி, ஒருவரும் கமிட்டில் கையொப்பம் போடாமல் இருந்தால்.

நான் காட்பாடியில் இருந்துகொண்டு இந்த மாதிரி சின்னக் கருவிகள் எழுதிக் கொடுப்பவள். சத்துவாச்சாரியில் ஒரு பயிற்சி மையம். மாணவர்களில் யார் எந்த வாரம் கமிட் செய்தார்கள் என்று பட்டியல் எடுக்க அங்கே பழைய ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருந்தார்கள். அதில் சிலர் பெயர் மட்டும் வராது. ரவி வருவார், செல்வி வருவார். அன்பரசியும் அருணாசலமும் வரமாட்டார்கள். தெலுங்கில் பெயர் வைத்திருந்த குடியாத்தத்துப் பையன் ஒருவன், உருதுவில் வைத்திருந்த ஆம்பூர் முகமதுகள், இவர்களும் காணோம். “இன்னாம்மா இது, ஆப்சென்ட் போட்டுடலாமா?” என்று கேட்டார் மையத்து சார்.

ஸ்கிரிப்ட் எழுதியவர் டீகோட் பிழை வரக்கூடாதென்று எல்லா பைட்டுகளையும் லத்தீன்-1 (ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்னும் பழைய குறிமுறை) என்று எடுத்துக்கொண்டு, பிறகு ஸ்பிளிட்லைன்ஸ் போட்டு வரிகளாக வெட்டியிருந்தார். ‘அ’ என்ற எழுத்து யூடிஎஃப்-8இல் மூன்று பைட்: 224, 174, 133. லத்தீன்-1இல் 133 என்பது ‘அடுத்த வரி’ என்னும் கட்டுப்பாட்டுக் குறி. பைத்தானின் ஸ்பிளிட்லைன்ஸ் அதையும் வரி முடிவாகவே எடுத்துக்கொள்ளும். ஆக, ஆத்தர் வரி அன்பரசியின் முதல் எழுத்திலேயே இரண்டாக உடைகிறது. முதல் துண்டில் மின்னஞ்சல் இல்லை, இரண்டாம் துண்டு எந்த ஹெடர் என்று தெரியவில்லை. ஸ்கிரிப்ட் இரண்டையும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறது. தெலுங்கு அகரம் 224, 176, 133. இந்திய எழுத்துகளுக்கு யூனிகோட் ஏறக்குறைய ஒரே வரிசையில் இடம் கொடுத்ததால் அங்கேயும் கடைசி பைட் அதேதான். முகமது என்று உருதுவில் எழுதினால் முதல் எழுத்து மீம்; அது 217, 133. தமிழில் இந்த வம்பில் மாட்டுவது ‘அ’ ஒன்றுதான். அப்பா பெயர் ஆறுமுகம் என்றால் இனிஷியல் ‘ஆ’, பிழைத்தார்கள். அண்ணாமலை என்றால் போச்சு. வேலூர்ப் பக்கம் அண்ணாமலைகளுக்கு என்ன பஞ்சமா!

எனவே முதல் விதி: ஹெடரை பைட்டாகவே படியுங்கள். வரியை வெட்டுவது வரி முடிவுக் குறியான பைட் 10இல் மட்டும். ஸ்பிளிட்லைன்ஸ் வேண்டவே வேண்டாம். பைட்டுகளுக்கான ஸ்பிளிட்லைன்ஸ்கூட பைட் 13ஐப் பார்த்தால் வெட்டும். ஹெடரின் பெயர் என்பது வரியில் முதல் ஸ்பேஸ், அதாவது பைட் 32, வரும் வரைக்கும். எழுத்தாக மாற்றும் வேலை கடைசியில், திரையில் காட்டும்போது. அப்போதும் என்கோடிங் என்ற ஹெடர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் யூடிஎஃப்-8. மாறவில்லையென்றால் கேள்விக்குறி போட்டுக் காட்டுங்கள், ஆனால் மூல பைட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

சி மொழியில் எழுதுகிறவர்களுக்கும் இதே ஆபத்து வேறு வேஷத்தில் வரும். பல கணினிகளில், எழுத்தை வைக்கும் கேர் என்ற வகை கூட்டல், கழித்தல் குறியுள்ள எண், அதனால் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு பைட்டும் எதிர்ம எண்ணாகத் தெரியும். அதை அப்படியே, ஸ்பேஸா இல்லையா என்று சொல்லும் இஸ்ஸ்பேஸிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மொழியில் உத்தரவாதமே கிடையாது. கிட்டின் சொந்த மூலநிரலே நூலகத்தின் இஸ்ஸ்பேஸை நம்பாமல், ஆஸ்கி மட்டும் தெரிந்த ஒன்றைத் தனக்கென்று வைத்திருக்கிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்த பொறி கையொப்பம். கமிட்டை இவர்தான் செய்தார் என்று சாவியால் உறுதி செய்யும் பிஜிபி கையொப்பம், ஜிபிஜி-சிக் என்ற ஹெடரில் பல வரிகளாக வரும். இரண்டாம் வரியிலிருந்து ஒவ்வொன்றும் ஒரு ஸ்பேஸோடு தொடங்கும். பிஜிபி வடிவத்திலோ, தலைப்பு வரிக்கும் குறியீடுகளுக்கும் நடுவில் ஒரு வெற்று வரி கட்டாயம் உண்டு. கமிட்டுக்குள் அது ஒற்றை ஸ்பேஸ் மட்டும் உள்ள வரியாகிவிடும். நீங்கள் ஒவ்வொரு வரிக்கும் ஸ்ட்ரிப் போட்டால் அந்த ஸ்பேஸ் போய், வரி வெறுமையாகி, ஹெடர் அங்கேயே முடிந்ததாகப் பார்சர் நினைக்கும். மீதிக் கையொப்பம் முழுக்க கமிட் செய்தியாக வந்து விழும். கிட் 2.34இலிருந்து எஸ்எஸ்ஹெச் சாவியாலும் கையொப்பம் இடலாம். அதில் இந்த வெற்று வரி கிடையாது. அதனால் எஸ்எஸ்ஹெச்சில் மட்டும் சோதித்தால் எல்லாம் சரியாக ஓடுகிற மாதிரியே இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான்: அடுத்தடுத்து இரண்டு பைட் 10 முதன்முதலில் எங்கே வருகிறதோ, அதுவே ஹெடரின் எல்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லையென்றால் முழுவதும் ஹெடர், செய்தி காலி. ஸ்பேஸில் தொடங்கும் வரி முந்தைய ஹெடரின் தொடர்ச்சி; முதல் ஸ்பேஸை மட்டும் நீக்கி ஒட்டுங்கள். மெர்ஜ்டேக் ஹெடருக்குள் ஒரு முழு டேக்கே (ஒரு கமிட்டுக்குப் பெயர் சூட்டும் பதிவு) உட்கார்ந்திருக்கும், அதன் டேகர் வரி உட்பட. இடப்பக்க ஸ்பேஸை முன்கூட்டியே துடைத்துவிட்டால் அதெல்லாம் இந்தக் கமிட்டின் ஹெடர்போல வேஷம் போடும்.

தெரியாத ஹெடர் வந்தால் பிழை என்று நிற்காதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்குரியலிலிருந்து வந்த கமிட்டில் கூடுதல் ஹெடர்கள் இருக்கலாம். ஜுஜுட்சு என்ற கருவி தன் பங்குக்கு சேஞ்ச்-ஐடி என்று ஒன்று வைக்கிறது. கமிட்டைத் திருப்பி எழுதும் கருவி என்றால் வரிசைகூட மாறக்கூடாது; ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்) வேறு. ஹாஷ் நீளத்தையும் 40 என்று கட்டிப்போடாதீர்கள், ஷா-256 முறையில் ஹாஷ் போடும் ரெப்போவில் (கிட் களஞ்சியத்தில்) அது 64.

இனி ஆத்தர் வரி. பெயர், கோண அடைப்புக்குள் மின்னஞ்சல், நொடிக்கணக்கு, நேர மண்டலம் என்பது ஒழுங்கு. பழைய ரெப்போக்களில் பெயர் இல்லாத வரி, மின்னஞ்சல் காலியான வரி, மூடும் குறி இரண்டு முறை வந்த வரி எல்லாம் கிடக்கும். தபால் பிரிப்பவர் பெயரைப் படிக்காமல் பின்கோடைத் தேடுவதுபோல, தேதிக்கு வலது ஓரத்திலிருந்து வாருங்கள்: கடைசி மூடும் குறிக்கு அப்புறம் இருப்பதுதான் தேதி. மின்னஞ்சலுக்கு முதல் திறக்கும் குறியும் அதற்கடுத்த முதல் மூடும் குறியும். கிட்டும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறது. பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிக்கவே பிரிக்காதீர்கள். அ. அன்பரசிக்குக் குடும்பப்பெயர் ஏது?

நேர மண்டலத்தில் +0530 என்பது 530 அல்ல. மணியையும் நிமிடத்தையும் தனியாக எடுத்து 330 நிமிடம் என்று கணக்கிடுங்கள். சியில் எழுத்தை எண்ணாக மாற்றும் எஸ்டிஆர்டாலுக்கு அடிமானம் 0 கொடுத்துப் படித்தால், முன்னால் இருக்கும் சுழியத்தைப் பார்த்து எட்டடிமானம் என்று நினைத்து 344 தரும். நொடிகளுக்கு 64 பிட் வையுங்கள். 32 பிட் 2038 ஜனவரியில் நிரம்பிவிடும். தேதி கெட்டுப்போயிருந்தால் சுழியம் போடாதீர்கள், ‘தெரியவில்லை’ என்று தனி மதிப்பு வையுங்கள். சுழியம் போட்டால் நம் ஊர்க் கணக்கில் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று அறிக்கையில் வரும்; அதை நம்பிக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார்.

இதிலெல்லாம் தாராளமாக இருக்கலாம். ட்ரீ வரி இல்லை, ஹாஷ் நீளம் சரியில்லை, ஹெடருக்குள் பைட் 0 என்றால் கறாராக மறுத்துவிடுங்கள், எந்தக் கமிட், எத்தனையாவது பைட் என்று பிழைச் செய்தியில் சொல்லி.

இரண்டு பதிப்புகளுக்கு நடுவே மாறியதைக் காட்டும் டிஃப்பின் ஹெடரைப் பற்றி ஒரு வார்த்தை. கோப்புப் பெயரில் தமிழ் இருந்தால், இயல்பு அமைப்பில் கிட் அதை மேற்கோளுக்குள் எட்டடிமானத்தில் தரும். ‘அ’ அங்கே 340, 256, 205. ஸ்பேஸ் உள்ள பெயருக்கோ மேற்கோளே வராது. ஹங்க்கின் (டிஃப்பில் ஒரு மாற்றத் துண்டின்) நீளத்தை அதன் ஹெடரில் உள்ள எண்ணை வைத்தே எண்ணுங்கள், எண் இல்லையென்றால் 1. எஸ்கியூஎல் கோப்பில் கருத்து வரி இரண்டு கோடில் தொடங்கும்; அதை நீக்கினால் டிஃப்பின் கழித்தல் குறியும் சேர்ந்து மூன்று கோடோடு நிற்கும்; வரியின் தொடக்கத்தை மட்டும் பார்க்கும் பார்சர் அதைப் புதுக் கோப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

சோதனைக்கு எனக்குப் பிடித்த வழி: பிஜிபி கையொப்பமிட்ட, ‘அ’வில் தொடங்கும் பெயருள்ள ஒரு கமிட்டை எடுத்து, முதல் 0 பைட், முதல் 1 பைட், முதல் 2 பைட் என்று முழு நீளம் வரை ஒவ்வொரு துண்டையும் பார்சருக்குக் கொடுங்கள். பதில் வரலாம், பிழைச் செய்தி வரலாம். நிரல் விழவோ தொங்கவோ கூடாது. அப்புறம் எண்களில் பெரிய மதிப்பு, காலி பெயர், பாதியில் நின்ற கையொப்பம் என்று கையால் சில கெட்ட கமிட்டுகள் செய்து, அவற்றையும் நிரலோடு சேர்த்தே ரெப்போவில் வையுங்கள்.