தறி ஓட்டத்துக்கு நடுவே வீட்டுத் தோட்டம் தொடங்கும் முறை

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் எட்டு விசைத்தறிகளை வைத்துத் தொழில் செய்யும் குடும்பம் எங்களுடையது. காலை ஆறரை மணிக்குத் தறி ஓடத் தொடங்கினால் இரவு ஒன்பது வரை சத்தம் ஓயாது. பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) தீர்ந்தால் பிணைக்க ஆள் தேடுவதும், நூல் எடுத்து வருவதும், துணியை மடித்து அனுப்புவதும், வாரக் கூலிக் கணக்கைப் பார்ப்பதுமாகவே நாள் போய்விடும். இப்படியொரு வேலையில் இருந்துகொண்டு வீட்டுக்கு வேண்டிய கீரையையும் காயையும் மாடியில் விளைவித்துக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முடியும் என்றே சொல்வேன். ஆனால் தோட்டத்தின் அளவையும், வைக்கும் பயிரையும், தொடங்கும் மாதத்தையும் தொழிலின் ஓட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆசைக்கு அந்த இடத்தைக் கொடுத்தால் தோட்டம் ஒரு பருவத்தைக்கூடத் தாண்டாது.

நாங்கள் முதல் ஆண்டில் ஆசைக்குத்தான் இடம் கொடுத்தோம். புரட்டாசி மாதத்தில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில், நாற்பது பைகளை நிரப்பி மாடியெங்கும் பரப்பினோம். அடுத்த வாரமே தீபாவளிச் சரக்கு வேலை கழுத்தை நெரித்தது. மாடிக்கு ஏறவே நேரமில்லாத மூன்று வாரங்களில் என் அம்மா ஒருவரே குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து முட்டிவலியில் படுத்தார். பின்னர் விடாமல் பெய்த மழையில், அடித்துளை அடைபட்டிருந்த பைகளில் தண்ணீர் தேங்கி, தக்காளிச் செடிகள் வேரழுகிச் சாய்ந்தன. ஐப்பசி முடிவில் உயிரோடு மிஞ்சியவை பதினொரு பைகள். "எத்தனை குடம் தூக்க முடியும்னு பார்த்துட்டு அத்தனை செடி வை, கண்ணு" என்று அம்மா அப்போது சொன்னதுதான் இன்றுவரை எங்கள் தோட்டத்தின் கணக்கு.

அந்தக் கணக்கை இப்படிப் போடலாம். வேலை மிகக் கடுமையாக இருக்கும் ஒரு நாளில், வீட்டில் இருப்பவர்கள் தோட்டத்துக்குத் தரக்கூடிய நேரம் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள ஒரு பைக்குச் சாதாரண நாளில் ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். பன்னிரண்டு பைகள் என்றால் அதிகம் போனால் 24 லிட்டர், அதாவது இரண்டு குடம். பத்து நிமிடத்தில் இரண்டு குடம் ஊற்றி, இலைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். ஆகவே முதல் ஆண்டுக்குப் பன்னிரண்டு பைகளுக்கு மேல் வேண்டாம். வாசலிலோ பின்கட்டிலோ நிலம் இருந்தால் நான்கடி அகலமும் எட்டடி நீளமும் கொண்ட ஒரே பாத்தி போதும். நான்கடி அகலம் என்றால் இரு பக்கமும் நின்று, மண்ணை மிதிக்காமல் நடுவரைக்கும் கை எட்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எடையை மறந்துவிடக் கூடாது. மேலே சொன்ன அளவுள்ள பை ஒன்று, மண் கலவை நிரம்பித் தண்ணீரும் ஊறியபின் ஏறத்தாழ 40 கிலோ இருக்கும். பன்னிரண்டையும் மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் வருகிற ஓரங்களை ஒட்டி, செங்கல் மேல் உயர்த்தி வைக்க வேண்டும். அப்போதுதான் தளமும் ஈரம் காயும், வடியும் தண்ணீரும் கண்ணுக்குத் தெரியும். தறி ஓடும் கட்டடத்தின் மேல் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓயாத அதிர்வு ஒருபுறம் இருக்க, பஞ்சுத் தூசி சன்னல் வழியாக வந்து இலைகளின் மேல் மெல்லிய படலமாகப் படியும். வேறு இடமே இல்லை என்றால், வாரம் ஒருமுறை இலைகளின் மேல் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட வேண்டும்.

மண்ணும் தண்ணீரும் சேலத்தில் சற்றுக் கவனித்துப் பார்க்க வேண்டியவை. நம் செம்மண்ணில் தண்ணீர் நன்றாக வடியும். காய்ந்தால் ஓடுபோல் இறுகும். அதனால் செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு என்று கலந்து, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்க்கிறோம். தென்னைநார்க் கழிவைக் கட்டியாக வாங்கினால் அதில் உப்பு இருக்கும். தொட்டியில் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை வடித்த பிறகே பயன்படுத்த வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட பைகளில் நாற்றின் இலை விளிம்பு தீய்ந்தாற்போல் கருகுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட் தாது) வெட்டும் கரடுகளை ஒட்டிய மண்ணில் மெக்னீசியம் மிகுந்திருக்கும். பரிசோதிக்காமல் அந்த மண்ணைக் கொண்டுவர வேண்டாம். தண்ணீரைப் பொறுத்தவரை, காவிரிக் குடிநீர் கிடைக்கும் வீடுகளுக்குக் கவலை குறைவு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருப்பவர்கள், அதிலும் சாயப்பட்டறைகள் இருந்த தெருக்களில் குடியிருப்பவர்கள், மண்ணையும் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் இதற்கு வழிகாட்டுவார்கள். உப்புத் தண்ணீராக இருந்தால் பீன்ஸ் வகைகளைத் தவிர்த்துவிட்டு, மழைநீரை இரண்டு டிரம்களிலாவது பிடித்துவைக்கப் பாருங்கள். சாயம் கலந்த தண்ணீரையும் சாயம் ஏற்றிய கழிவு நூலையும் எந்தக் காரணத்துக்காகவும் உண்ணும் செடிகளின் அருகே கொண்டுபோகக் கூடாது.

தொடங்குவதற்கு ஏற்ற காலம் ஆடி. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது உழவருக்குச் சொன்னதாக இருந்தாலும் தறிக்காரர்களுக்கு அது இரண்டு மடங்கு பொருந்தும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை ஒட்டி எங்கள் தெருவில் தறிகள் சில நாள் நிற்கும். ஆனியில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இரண்டு மூன்று பைகளாக நிரப்பி, தண்ணீர் தெளித்து ஆறவைத்திருந்தால், அந்த விடுமுறையில் விதைத்தும் நட்டும் முடித்துவிடலாம். ஆவணியிலும் புரட்டாசியிலும் சேலத்துக்கு நல்ல மழை கிடைப்பதால் தண்ணீர் ஊற்றும் வேலை பாதியாகக் குறையும். தீபாவளிச் சரக்குக்காக இராப்பகலாக உழைக்கும் வாரங்களில் செடிகள் காய்ப்புக்கு வந்திருக்கும். பறிக்கும் வேலையும் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திவிடும் வேலையும் மட்டுமே மிஞ்சும். ஆடியைத் தவறவிட்டவர்கள் பொங்கல் சரக்கு போனபின் தைப்பட்டத்தில் தொடங்கலாம். ஆனால் அடுத்து வரும் கோடையை மனத்தில் வைத்து, பைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

பயிரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வீட்டில் எது அதிகம் சமைக்கிறோம் என்று மட்டும் பார்த்து விதை வாங்குகிறார்கள். அதைவிட முதன்மையான கேள்வி ஒன்று உண்டு: நான்கு நாள் அந்தப் பக்கம் போகாவிட்டால் இந்தச் செடி என்ன ஆகும்? வெண்டை விதைத்த 45 நாளில் காய்க்கத் தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கச் சொல்லும். நான்கு நாள் தாமதித்தால் காய் முற்றி நார் ஏறிவிடும், புதுப் பூவும் குறையும். தக்காளிக்குக் கொம்பு கட்ட வேண்டும், தண்ணீர் ஒரே சீராக இருக்க வேண்டும். காயவிட்டுத் திடீரென்று ஊற்றினால் பழம் வெடிக்கும். மிளகாய் அப்படியில்லை. பச்சையாகப் பறிக்க மறந்தால் செடியிலேயே பழுத்து நிற்கும், அப்போதும் அது சமையலுக்கு ஆகும். கத்தரி ஒரு வாரம் பொறுக்கும். கறிவேப்பிலையும் பிரண்டையும் நம்மை எதிர்பார்ப்பதே இல்லை. அரைக்கீரையை ஒருமுறை விதைத்தால் வெட்ட வெட்டத் தழைக்கும். இந்த வாரம் வெட்டாததை அடுத்த வாரம் வெட்டிக்கொள்ளலாம். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் கைக்கு வந்துவிடுவதால், முதல் மாதத்திலேயே சட்டியில் ஏறி வீட்டாருக்கு நம்பிக்கை கொடுக்கும்.

ஆகவே பன்னிரண்டு பைகளில் நான்கு கீரைக்கு, மூன்று கத்தரிக்கு, இரண்டு மிளகாய்க்கு, ஒன்று கறிவேப்பிலைக்கு என்று ஒதுக்கி, மீதி இரண்டில் மட்டும் வெண்டை போடுங்கள். இரண்டு பைக்கு நான்கு வெண்டைச் செடி. ஒரு பிள்ளையின் பொறுப்பில் விட்டுவிடலாம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் விதை போட்டு நாற்று வளர்க்க முதல் ஆண்டில் முயல வேண்டாம். கத்தரி நாற்றங்காலுக்கு ஒரு மாதம், மிளகாய்க்கு அதைவிடக் கூடுதல் நாள் ஆகும். அந்த நாள்களில் ஒரே ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் எல்லாம் போய்விடும். வாழப்பாடி, தலைவாசல் பக்கம் குழித்தட்டில் வளர்த்த நாற்றுகளை விற்கிறார்கள். நூல் எடுக்கவோ உறவினர் வீட்டுக்கோ போகிறவர்களிடம் சொன்னால் போதும். ஏற்காட்டுக்குச் சுற்றுலா போய்த் திரும்பும்போது மிளகுக் கொடியும் ஆரஞ்சுக் கன்றும் வாங்கி வரும் பழக்கம் நம் ஊரில் பலருக்கு உண்டு. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்துக் குளிரில் செழித்த கன்று நம் மாடி வெயிலில் கோடையைத் தாண்டுவது கடினம் என்பதால், அந்தப் பணத்தை நல்ல தொழு உரத்துக்குச் செலவிடுங்கள்.

கீரை விதைக்கும்போது ஒரு சிறு நுட்பம் உண்டு. விதை மிகப் பொடியாக இருப்பதால் நான்கு பங்கு மணலுடன் கலந்து தூவி, மேலே விரல் நுனியால் மெல்லக் கிளறி, பூவாளியால் தெளிக்க வேண்டும். குடத்தால் ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். தூவிய சற்று நேரத்தில் எறும்புச் சாரை வந்து விதையைத் தூக்கத் தொடங்கும். பையைச் சுற்றி ஒரு கைப்பிடி அரிசி நொய்யைத் தூவிவைத்தால் எறும்புகள் அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். மூன்றாம் நாள் பச்சை நூலிழைபோல் முளை தெரியும்.

தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வீடுகளுக்கு மின்சாரம் வேண்டாத சொட்டுநீர் அமைப்பு ஒன்று போதும். 200 லிட்டர் டிரம் ஒன்றை மூன்றடி உயரத் தாங்கியில் வைத்து, திறப்புக்குப் பக்கத்தில் ஒரு வடிகட்டியைப் பொருத்தி, 16 மில்லிமீட்டர் குழாயைப் பைகளின் ஓரமாக ஓடவிட்டு, ஒவ்வொரு பைக்கும் ஒரு சிறு குழாயைச் செருகி, அதன் நுனியில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சொட்டுவானைப் பொருத்தினால் முடிந்தது. மூன்றடி உயரத்தில் அழுத்தம் குறைவு. சொட்டுவானின் மேல் அச்சிட்ட அளவு தண்ணீர் கிடைக்காது. எனவே ஒரு குழாயின் வாயில் ஒரு லிட்டர் புட்டியை வைத்து, அது நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் தறியைப் போடும்போது திறந்து, அந்த நேரம் முடிந்ததும் அடைத்துவிடலாம். அமைப்பு இருந்தாலும், திறப்பதற்கு முன் மண்ணில் ஆட்காட்டி விரலை முதல் கணு வரை விட்டுப் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள். விரலில் மண் ஒட்டினால் அன்று தண்ணீர் தேவையில்லை.

வேலையை வீட்டில் பிரித்துக்கொள்ளும் முறையையும் சொல்ல வேண்டும். காலைப் பத்து நிமிடம் என்னுடையது. கீரை வெட்டுவதும் களை எடுப்பதும் அம்மாவுடையது. அவரால் குனிய முடியாததால் கீரைப் பைகளை மட்டும் இடுப்பு உயரத் திட்டில் வைத்திருக்கிறோம். நாற்று நடுவது, மண் அணைப்பது, உரம் வைப்பது போன்ற பெரிய வேலைகளையெல்லாம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளுக்கு ஒதுக்கிவைக்கிறோம். காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போய்த் தறிகள் அடங்கியதும், அதுவரை வீணாகிக்கொண்டிருந்த அந்த அரைநாளில் நானும் மனைவியும் மாடிக்குப் போய்விடுவோம். முன்னதாக அறிவிப்பு வந்துவிடுவதால், நாற்றையும் எருவையும் முதல் நாளே வாங்கிவைக்க முடிகிறது.

பூச்சிக்கு நாங்கள் பயன்படுத்துவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும்தான். வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். வெண்டை இலை நரம்புகள் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். மருந்து தேடாமல் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

உரத்துக்குச் சமையலறைக் கழிவும் காய்ந்த சருகும், துளையிட்ட ஒரு பழைய வாளியும் போதும். ஈரமும் காற்றும் சரியாக இருந்தால் இரண்டு மாதத்தில் மக்கிவிடும். ஆயுத பூஜைக்குத் தறிக்கூடத்தில் கட்டும் வாழைக்கன்றுகளையும் செவ்வந்தி மாலைகளையும் மறுநாள் தெருவோரம் எறியாமல் மாடிக்கு எடுத்துப் போங்கள். வாழைத்தண்டைத் துண்டு துண்டாக நறுக்கிச் செடியைச் சுற்றிப் பரப்பினால் மண் சூடேறாமல் ஈரம் நிற்கும்; மாலையில் உள்ள நூலை மட்டும் உருவிவிட வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் முழுத் தோட்டத்தையும் காப்பாற்ற முயல வேண்டாம். கறிவேப்பிலை, மிளகாய், இரண்டு பைக் கீரை ஆகியவற்றை மட்டும் பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலைக்குக் கீழே நெருக்கி வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுங்கள். மற்றப் பைகளில் உள்ள மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி வெயிலில் உலர்த்தி, எருவும் வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து, ஆனியில் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம்.

அடுத்த ஆடிக்கான விதையை முந்தைய பருவத்திலேயே எடுத்துவைக்க வேண்டும். வீரிய ஒட்டு ரகச் செடியிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போல வராது என்பதால், நாட்டு வெண்டையிலோ கீரையிலோ இதைச் செய்யுங்கள். திடமான ஒரு வெண்டைச் செடியில் இரண்டு காய்களைப் பறிக்காமல் விட்டு, யாரும் தெரியாமல் ஒடித்துவிடாதபடி அவற்றில் ஒரு துண்டு வண்ண நூலைக் கட்டிவிடுங்கள். காய் காய்ந்து வரிகளில் வெடிக்கத் தொடங்கும்போது பறித்து, விதையை உதிர்த்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சலித்த சாம்பல் கலந்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் புட்டிகள் கூலிக் கணக்கு நோட்டு இருக்கும் அலமாரியிலேயே இருக்கின்றன. நாள்தோறும் கண்ணில் படுகிற இடம் அதுதான்.