குறட்டை என்று விட்டுவிடாதீர்கள்: வால்வு கசிவும் இரவில் நிற்கும் மூச்சும்

ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் பலவீனமாகி ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாத நிலை) உள்ளவரின் மூச்சு இரவில் எப்படி இருக்கிறது என்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். மூச்சு மெல்ல மெல்லப் பெரிதாகும், உச்சத்துக்குப் போகும், அப்புறம் படிப்படியாகக் குறைந்து ஒரேயடியாக நின்றுவிடும். இருபது முப்பது நொடிக்குச் சத்தமே இருக்காது. நாம் பதறி எழுப்பப் போகும்போது மறுபடி தொடங்கும். டப்ளினில் பணியாற்றிய மருத்துவர்கள் ஜான் செய்ன் 1818-லும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-லும் இதை எழுதிவைத்தார்கள். அதனால்தான் இன்றும் இதற்கு செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு என்று பெயர். "வயசாயிட்டா குறட்டை வரத்தான் செய்யும்" என்று இதைக் கடந்துபோவது வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுத்து கார்டியாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அது டாக்டருக்கு அதிகம் உதவும்.

தூக்கத்தில் மூச்சு நிற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தொண்டை அடைத்துக்கொள்ளும். நெஞ்சும் வயிறும் மூச்சுக்காகப் போராடும், காற்று மட்டும் போகாது. குறட்டையோடு வருவது பெரும்பாலும் இதுதான். இன்னொன்றில் தொண்டை திறந்தே இருக்கும், மூச்சு விடச் சொல்லும் கட்டளையே மூளையிலிருந்து வராது, நெஞ்சு அசையாமல் கிடக்கும். செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு இந்த இரண்டாவது வகை.

இதற்கும் வால்வுக்கும் என்ன தொடர்பு? இதயம் விரிந்து பலவீனமானால், இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மிட்ரல் வால்வின் இதழ்கள் சரியாகச் சேராமல் ரத்தம் பின்னோக்கிக் கசியும். அழுத்தம் நுரையீரலில் ஏறும். அங்குள்ள நரம்புகள் தூண்டப்பட்டு நோயாளி தேவைக்கு மேல் மூச்சு வாங்குவார். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும், அது ஓர் அளவுக்குக் கீழே போனதும் மூளை மூச்சை நிறுத்திவிடும். பலவீனமான இதயத்தில் ரத்தம் மெதுவாக ஓடுவதால் இந்தத் தகவல் மூளைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். டேங்க் நிரம்பி வழிந்த பிறகு மோட்டாரை நிறுத்துவதும், முழுக்கக் காலியான பிறகு போடுவதும் போல ஆகிவிடுகிறது. ஆகவே இந்த வகைக்கு வேர் இதயத்தில் இருக்கிறது. இதயத்துக்கான மாத்திரைகளைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தாலோ, பொருத்தமானவருக்கு வால்வுக் கசிவைக் குறைத்தாலோ மூச்சும் சீராக வாய்ப்பு உண்டு.

இது புரியாமல் நேரே மூச்சுக்கான மெஷின் வாங்கப் போவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். 2015-ல் வெளியான சர்வ்-எச்எஃப் ஆய்வில் 1,325 நோயாளிகள் இருந்தார்கள். எல்லோருக்கும் எக்கோவில் ஈஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தது, மூளைக் கட்டளை நிற்கும் வகை மூச்சுத்தடை அதிகமாக இருந்தது. மூச்சைக் கவனித்து அதற்கேற்ப முகமூடி வழியாகக் காற்றழுத்தத்தை மாற்றித் தரும் ஏஎஸ்வி என்ற மெஷின் வைத்தவர்களுக்கு மூச்சு நிற்பது அழகாகக் குறைந்தது. ஆனால் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் மெஷின் வைத்தவர்களில் 29.9 சதவீதம், வைக்காதவர்களில் 24 சதவீதம். திரையில் எண் நன்றாக இருந்தும் மரணம் கூடியது. பின்னர் வேறு வகை ஏஎஸ்வி-யை வைத்து நடந்த ஆய்வில் அந்த ஆபத்து தெரியவில்லை, ஆனால் ஆயுளும் கூடவில்லை. எனவே ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட்டில் மூச்சு மணிக்கு எத்தனை முறை தடைப்பட்டது என்ற மொத்த எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அதில் தொண்டை அடைப்பு எத்தனை, கட்டளை நின்றது எத்தனை என்று கேளுங்கள். ஈஎஃப் எவ்வளவு என்பதையும் ஸ்லீப் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பகலில் தூக்கம் வருகிறதா என்று பார்த்து முடிவு செய்வதும் சரிவராது. இதய நோயாளிகளில் பலருக்கு மூச்சு நின்று நின்று வந்தாலும் பகலில் கண் சொக்காது. அதே நேரம், மாலையில் இருக்கும் கால் வீக்கம் காலையில் வடிந்துவிடுவதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். படுத்ததும் அந்த நீரில் ஒரு பகுதி மேலே ஏறி நுரையீரலுக்கும் கழுத்துக்கும் போகிறது, இரண்டு வகை மூச்சுத்தடையையும் மோசமாக்குகிறது. மூன்று நாளில் எடை 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலம் போன்ற மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுவது ஆபத்து. மதுவும் அப்படித்தான்.

இனி, வால்வுக் கசிவைக் குறைக்க வைக்கும் கிளிப் விஷயத்துக்கு வருவோம். தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி மிட்ரல் வால்வின் இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கும் சிகிச்சை இது. 2018-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. கோஆப்ட் ஆய்வில் இரண்டு ஆண்டுகளில் இறந்தவர்கள் கிளிப் வைத்தவர்களில் 29.1 சதவீதம், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 46.1 சதவீதம். பிரான்சில் நடந்த மித்ரா-எஃப்ஆர் ஆய்வில் பலனே தெரியவில்லை. கோஆப்ட்டில் மாத்திரைகளை முழு அளவுக்கு ஏற்றிப் பார்த்த பிறகும் கசிவு பலமாக இருந்தவர்களையே சேர்த்தார்கள். பிரெஞ்சு ஆய்வில் இருந்தவர்களுக்கு இதயம் அதிகம் விரிந்திருந்தது, கசிவு அவ்வளவு இல்லை. "பக்கத்து வீட்டுக்காரருக்கு வச்சாங்க, எங்களுக்கும் வைங்க" என்று கேட்பதற்கு முன், மாத்திரைகள் முழு அளவில் கொடுக்கப்பட்டுவிட்டனவா என்று கேளுங்கள்.

வால்வைச் சரிசெய்த கையோடு மாத்திரையை நிறுத்துகிறவர்களும், தொண்டை அடைக்காமல் காற்றழுத்தம் தரும் சிபேப் மெஷினைப் பரணில் ஏற்றுகிறவர்களும் உண்டு. இரண்டும் கூடாது. இதயத் தசை பலவீனமாகவே இருக்கிறது, மாத்திரை தொடர வேண்டும். தொண்டை அடைப்பு வால்வு சிகிச்சையால் போய்விடும் என்று நம்ப முடியாது. சில மாதம் கழித்து இதயம் நிலைப்பட்டதும் ஸ்லீப் டெஸ்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்து, அந்த ரிப்போர்ட்டை வைத்து மெஷின் வேண்டுமா, அழுத்தத்தை மாற்ற வேண்டுமா என்று கார்டியாலஜிஸ்ட்டும் ஸ்லீப் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.