செல் கல்ச்சர்ல ஆன்டிபயாடிக்: புதுசா வர்றவங்க திரும்பத் திரும்பப் பண்ற தப்புங்க

மாதவரம் பக்கம் ஒரு லேப்ல செல் கல்ச்சர், அதாவது உடம்புக்கு வெளிய மீடியாங்கற சத்துத் திரவத்துல செல்ல வளக்கற வேலை, பாத்துக்கறேன். வருஷா வருஷம் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்னு சுத்துவட்டாரத்துல இருந்து பசங்க ப்ராஜெக்ட்டுக்கு வருவாங்க, கை சுத்தம், கவனம் எல்லாம் நல்லாவே இருக்கும். ஆன்டிபயாடிக்னு வந்தா மட்டும் நான் ஆரம்பத்துல பண்ண அதே தப்புதான். க்ளவுஸ் போடு, ஹூட்டைத் துடைங்கறதெல்லாம் தெரிஞ்ச சங்கதி, அத விட்டுடறேன்.

பென்-ஸ்ட்ரெப்ப வருஷம் பூரா ஊத்திட்டே இருக்கறது

இத நினைச்சா இன்னைக்கும் எனக்கு ஆத்திரமா வருது. 500 மில்லி மீடியா பாட்டில் திறந்த உடனே 100எக்ஸ் (நூறு மடங்கு அடர்த்தியான) பென்-ஸ்ட்ரெப் 5 மில்லி ஊத்திடறாங்க, கலந்த பிறகு ஒரு மில்லிக்கு பெனிசிலின் 100 யூனிட், ஸ்ட்ரெப்டோமைசின் 100 மைக்ரோகிராம். ஏன் ஊத்தறன்னு கேட்டா "சேஃப்டிக்கு அக்கா"ன்னு பதில் வரும்.

பெனிசிலின் அடிக்கறது பாக்டீரியாவோட செல் சுவர. மைக்கோபிளாஸ்மாங்கற பொடி பாக்டீரியாவுக்கு அந்தச் சுவரே கிடையாது, அப்புறம் எத அடிக்கும்? ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் அதுல நிறைய வகை மசியாது. உருவம் அவ்ளோ சின்னது, 0.22 மைக்ரான் ஃபில்டர்லயே புகுந்து வந்துடும். ஒரு மில்லியில கோடிக்கணக்குல இருந்தாலும் மீடியா கலங்காது, சாதா மைக்ரோஸ்கோப்ல ஒண்ணும் தெரியாது. மத்த பாக்டீரியாவா இருந்தா ராத்திரியோட ராத்திரியா மீடியா மஞ்சளாகி, கலங்கி, உங்க டெக்னிக்ல எங்கயோ ஓட்டைன்னு காட்டிக் குடுத்திருக்கும். பென்-ஸ்ட்ரெப் அந்த எச்சரிக்கைய அமுக்கி வெச்சுடுது, ஓட்டை அப்படியே இருக்கு, அது வழியா மைக்கோபிளாஸ்மா சத்தமில்லாம உள்ள வந்து உக்காந்துக்குது.

எம்சிஎஃப்-7ங்கற மார்பகப் புற்றுநோய் செல்லுல மருந்து டாக்ஸிசிட்டி பாத்துட்டிருந்த ஒரு பொண்ணு, எம்டிடி (எவ்ளோ செல் உயிரோட இருக்குன்னு காட்டற சோதனை) ரீடிங் ஒரு தடவை வந்த மாதிரி மறு தடவை வரல, பைப்பட்டிங் சரியில்லன்னு தன்னையே திட்டிக்கிட்டு மறுபடி மறுபடி போட்டுட்டிருந்தா. செல் வேற லேப்ல இருந்து வந்தது, அங்கயும் பென்-ஸ்ட்ரெப் நிறுத்துனதே இல்லையாம். டிஎன்ஏவுல ஒட்டி நீலமா ஒளிர்ற ஹெக்ஸ்ட் சாயம் போட்டுப் பாத்தோம். நியூக்ளியஸ் மட்டும் நீலமா உருண்டையா தெரியணும், சுத்தி இருட்டா இருக்கணும். இங்க நியூக்ளியஸுக்கு வெளிய செல் பரப்பு பூரா பொடிப்பொடியா நீலப் புள்ளி. மைக்கோபிளாஸ்மா டிஎன்ஏவத் தேடற பிசிஆர்லயும் பேண்ட் வந்துடுச்சு, அதேதான்.

"மீடியா கலங்கவே இல்லையே அக்கா?"

"கலங்காதுமா. அதான் அத்தன நாள் தெரியல."

ஃப்ளாஸ்க், திரவ நைட்ரஜன்ல உறைய வெச்ச செல் குப்பி, அது வரைக்கும் எடுத்த டேட்டா எல்லாத்தையும் தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு, தீசிஸும் தள்ளிப் போச்சு. மைக்கோபிளாஸ்மா செல்லோட அர்ஜினினத் தின்னும், வளர்ச்சிய மாத்தும், எம்டிடி ரீடிங்கையே குழப்பும், அதனால அந்த டேட்டாவுல ஒரு வரியைக் கூட நம்ப முடியாது. பாவம், அந்தப் பொண்ணு அதுல பண்ண தப்புன்னு எதுவுமே இல்ல.

அப்படியே கன்டாமினேஷன் இல்லன்னு வெச்சுக்கோங்க, ஆன்டிபயாடிக் நம்ம செல்ல சும்மா விடுதா? ஹெப்ஜி2ங்கற கல்லீரல் செல்லுல பென்-ஸ்ட்ரெப் போட்டு பாத்து 2017ல வந்த ஆய்வுல 209 ஜீனோட வெளிப்பாடு மாறியிருந்துச்சு. மருந்து மெட்டபாலிசம் பாக்கறதுக்குன்னே வெச்சிருக்கற செல் அது!

புது செல் வந்தா தனி இன்குபேட்டர்ல வைங்க, பிசிஆர் பாருங்க, அப்புறமா மத்ததோட சேருங்க. ரெகுலர் கல்ச்சர் ஆன்டிபயாடிக் இல்லாம ஓடட்டும். திசுவுல இருந்து நேரா எடுக்கற ப்ரைமரி கல்ச்சர்னா முதல் கொஞ்ச நாள் போடலாம், அதுல நியாயம் இருக்கு.

ட்ரான்ஸ்ஃபெக்ஷன் அன்னைக்கு ஆன்டிபயாடிக் மீடியா

செல்லுக்குள்ள வெளி டிஎன்ஏவ நுழைக்கறதுதான் ட்ரான்ஸ்ஃபெக்ஷன், அன்னைக்கு ஆன்டிபயாடிக் வேணாம். டிஎன்ஏவ உள்ள கொண்டு போற லிப்பிட், டிஎன்ஏவோட சேத்து ஆன்டிபயாடிக்கையும் உள்ள இழுத்துட்டுப் போகும், செல் சாகும்.

மழைக்காலத்துல ஆம்ஃபோடெரிசின்

ஐப்பசி கார்த்திகையில நம்ம ஏரியா ஈரத்துக்கு ஃபங்கஸ் வரத்தான் செய்யும், உடனே ஆம்ஃபோடெரிசின் பி பாட்டிலத் தேடுவாங்க. அது ஃபங்கஸோட எர்கோஸ்டெரால்ல ஒட்டுற மருந்து, நம்ம செல் சவ்வுல இருக்கற கொலஸ்ட்ராலையும் விடாது. வாட்டர் பாத் தண்ணிய மாத்துங்க, இன்குபேட்டர் ட்ரேயக் கழுவுங்க, ஃபங்கஸ் வந்த ஃப்ளாஸ்க்க மூடி திறக்காம ஆட்டோகிளேவுக்கு அனுப்புங்க.

டாக்ஸிசைக்ளின்ன வெறும் ஸ்விட்ச்னு நினைக்கறது

டாக்ஸிசைக்ளின் குடுத்தா மட்டும் ஓடற மாதிரி செல்லுல ஒரு ஜீன வெச்சுட்டு, அந்த மருந்த ஸ்விட்ச் மாதிரி போடுவாங்க, ஆனா அதுவும் ஆன்டிபயாடிக்தான். நம்ம மைட்டோகாண்ட்ரியா ரைபோசோம் பாக்டீரியாவோடதுக்குச் சொந்தக்காரன். டாக்ஸி அங்கயும் புரோட்டீன் தயாரிப்ப அடக்கும், செல்லோட மெட்டபாலிசம் மாறும். ஜீன் வைக்காத சாதா செல்லுக்கும் அதே அளவு டாக்ஸி குடுத்து கன்ட்ரோல் வைங்க, இல்லன்னா மாற்றம் ஜீனால வந்துதா மருந்தால வந்துதான்னு சொல்லவே முடியாது.

அடுத்தவங்க பேப்பர்ல இருக்கற பியூரோமைசின் அளவு

ஜீன் உள்ள போகாத செல்லக் கொன்னு, போனத மட்டும் செலக்ட் பண்ணப் போடற மருந்து பியூரோமைசின். எந்த அளவுல சாகுதுன்னு உங்க செல்லுக்கு நீங்களே கில் கர்வ் போட்டுப் பாருங்க.

293டி செல்ல ஜி418ல செலக்ட் பண்றது

நடக்காது. ஜி418 நியோமைசின் வகை மருந்து, 293டிங்கற மனித சிறுநீரக செல்லுல நியோமைசின் ரெசிஸ்டன்ஸ் ஜீன் ஏற்கனவே இருக்கு, ஜீன் போனதும் போகாததும் சேந்தே வளரும். பியூரோமைசினுக்கு மாறுங்க.