மோதல் கணக்குல உந்த மாற்றம்: மார்க் பறிபோற இடங்கள்

ப்ளஸ் ஒன் பசங்களுக்கு பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறவங்களுக்கு இந்தத் தப்பு நல்லா தெரிஞ்சிருக்கும். 160 கிராம் கிரிக்கெட் பந்து மணிக்கு 144 கிலோமீட்டர்ல வருது, பேட்ஸ்மேன் அதை வந்த வழியே நேரா மணிக்கு 108 கிலோமீட்டர்ல திருப்பி அடிக்கிறார், உந்தம் (நிறையையும் திசையோட சேர்ந்த வேகத்தையும் பெருக்கினா வர்றது) எவ்வளவு மாறுச்சுன்னு கேட்டா, பையன் 144-ல 108-ஐ கழிச்சு 36, அதை 160-ஆல பெருக்கி 5760னு போட்டு கீழ ரெண்டு கோடு வேற இழுத்திருப்பான்.

யூனிட் மாத்தாதது சின்னத் தப்பு. கிராம கிலோவாக்கினா 0.16, வேகத்தை 3.6-ஆல வகுத்தா 40, 30. ஆனா இதை சரி பண்ணியும் 0.16 × 10 = 1.6னு எழுதுறாங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பு, பந்து திரும்பிடுச்சுங்கறதையே மறந்தாச்சு. பேட்டை நோக்கி வர்ற திசை ப்ளஸ்னா திரும்பிப் போறது மைனஸ் 30. கடைசில இருந்து முதலை கழிக்கணும், −30 − 40 = −70, பெருக்கினா −11.2 கிலோகிராம் மீட்டர் பெர் செகண்ட். 1.6 எங்க, 11.2 எங்க! அந்த மைனஸ பார்த்து பயந்து அழிச்சிடாதீங்க, பேட் எந்தப் பக்கம் தள்ளுச்சுன்னு சொல்றதே அதுதான்.

இதோட தம்பி ஒருத்தன் இருக்கான். பந்து சுவத்துல பட்டு அதே வேகத்துல திரும்புது, அதனால மாற்றம் பூஜ்யம்னு எழுதறது. இயக்க ஆற்றலுக்கு அது சரி, அதுக்கு திசை கிடையாது. உந்தத்துக்கு அப்படி இல்ல, பந்தை நிறுத்த ஒரு பங்கு, திருப்பி விரட்ட இன்னொரு பங்கு, மொத்தம் ரெண்டு மடங்கு. களிமண் உருண்டை மாதிரி ஒட்டிக்கிட்டா ஒரு பங்கோட முடிஞ்சிடும்.

சாய்வா மோதினா? கேரம் ஆடினவங்களுக்கு இது கண்ணு முன்னாடியே இருக்கு. 15 கிராம் ஸ்ட்ரைக்கர் 2 மீட்டர் பெர் செகண்ட்ல ஓரக்கட்டையோட 30 டிகிரில போய் இடிச்சு அதே வேகத்துல, அதே கோணத்துல திரும்புது. கட்டையோரமா ஓடுற பங்கு மாறவே இல்ல, கட்டைக்கு செங்குத்தா இருக்கிற 2 × சைன் 30, அதாவது 1 மட்டும்தான் திரும்புது. விடை 0.015 × 2 × 1 = 0.03, முழு வேகத்தையும் போட்டா வர்ற 0.06 இல்ல. இதுவே கோணம் செங்குத்துக்கோட்டுல இருந்து கொடுத்திருந்தா காஸ் வரும், கேள்விய ரெண்டு தடவ படிங்க.

விசை கேட்டா நேரத்தையும் கவனிக்கணும், உந்த மாற்றத்தை அதுக்கு ஆன நேரத்தால வகுத்தாதான் விசை. பேட்டும் பந்தும் ஒட்டியிருக்கிறது ஏறக்குறைய 1 மில்லி செகண்ட், 11.2-ஐ 0.001-ஆல வகுத்தா 11,200 நியூட்டன், ஒரு டன்னுக்கு மேல எடை வெச்ச மாதிரி. அதை 1-ஆல வகுத்து 11.2 நியூட்டன்னு எழுதினா ஒரு கிலோ சர்க்கரைப் பைய தூக்குற விசைதான் வருது, அதுலயா சிக்ஸர் போகும்?

அப்புறம் "உந்தம் மாறாதுன்னு விதி இருக்கே சார்"னு ஒரு கேள்வி வரும். மாறாதது மோதுற ரெண்டோட கூட்டுத்தொகை, தனித்தனியா ரெண்டும் மாறும், ஒண்ணு இழந்ததை இன்னொண்ணு வாங்கிக்கும். சுவரும் வாங்குது, ஆனா அது பூமியோட கட்டிக்கிட்டு நிக்குது, அவ்வளவு நிறைக்கு நம்ம பந்து கொடுக்கிறது எங்க தெரியப்போகுது.