ரெஸ்டிங் ஹார்ட் ரேட்: அந்த எண்ணைத் தப்பாகப் படிக்காதீர்கள்

கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்ட ஆரம்பித்த பிறகு, ஓய்வில் இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று ஆளுக்கொரு எண் கிடைத்துவிட்டது. காலையில் பார்க்கில் நடக்கும்போது ஒருவர் "எனக்கு 58தான் சார்" என்பார். கூட நடப்பவர் தன் வாட்சைத் திருப்பிப் பார்த்து "எனக்கு 76 காட்டுதே" என்று முகம் வாடிப்போவார். அந்த 76ல் கவலைப்பட ஒன்றுமே இல்லை. வயதுவந்தவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60லிருந்து 100 வரை இயல்பு என்றுதான் மருத்துவம் சொல்கிறது. இதை மார்க் ஷீட் மாதிரி பக்கத்து ஆளோடு வைத்துப் பார்க்கிற பழக்கம்தான் தொல்லை. உங்கள் எண்ணை உங்கள் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அளக்கிற நேரத்திலேயே பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள். மாடிப்படி ஏறி வந்து சோபாவில் உட்கார்ந்ததும் பார்ப்பது, காபி குடித்த கையோடு பார்ப்பது, வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் பார்ப்பது, இதெல்லாம் ஓய்வு நிலைத் துடிப்பு ஆகாது. கிளினிக்கில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் பலருக்குப் படபடப்பில் கூடித்தான் இருக்கும். சரியான நேரம் காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால். பாத்ரூம் போயே ஆகவேண்டும் என்றால் போய்விட்டு வந்து, ஐந்து நிமிடம் பேசாமல் படுத்திருந்துவிட்டு எண்ணுங்கள்.

எண்ணுவதிலும் ஒரு முறை இருக்கிறது. உள்ளங்கையை மேலே திருப்பி வைத்து, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருக்கும் பள்ளத்தில் மற்ற கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். கட்டைவிரலை வைத்துப் பார்க்காதீர்கள், அதிலேயே ஒரு துடிப்பு இருப்பதால் எது யாருடையது என்று குழம்பும். கழுத்தில் பார்ப்பவர்கள் ஒரு பக்கம் மட்டும் மெதுவாகத் தொடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தினால் தலைசுற்றி மயக்கம் வரலாம். 10 விநாடி எண்ணி ஆறால் பெருக்குகிற குறுக்குவழியும் வேண்டாம், ஒரே ஒரு துடிப்பு தவறினால் கணக்கில் 6 கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு சீராக இல்லாமல் விட்டுவிட்டு வந்தால் முழு நிமிடமும் எண்ணுங்கள், அந்தச் சீரற்ற தன்மையையும் குறித்து வையுங்கள். எண் என்ன என்பதைவிட அதுதான் டாக்டருக்கு முக்கியமான தகவலாக இருக்கும்.

ஒரு நாள் எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, நேரம் கழித்து வயிறு முட்டச் சாப்பிட்டாயிற்று, மது குடித்தாயிற்று, தண்ணீர் போதவில்லை, மே மாதப் புழுக்கத்தில் கரண்ட் வேறு போய்விட்டது என்று எதுவானாலும் மறுநாள் காலை ஏறித்தான் இருக்கும். ஒரு வாரம் தினமும் எழுதி வைத்துச் சராசரி எடுத்தால்தான் உங்கள் எண் எது என்று தெரியும்.

சரி, துடிப்பு குறைவாக இருந்தால் உடல் நல்ல பயிற்சியில் இருக்கிறது என்று ஏன் சொல்கிறார்கள்? ஓய்வில் இதயம் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளவேண்டும். ஒரு துடிப்புக்கு 70 மில்லி வீதம் தள்ளுகிற இதயம் அதற்காக 70 தடவைக்கு மேல் துடிக்கவேண்டும். தொடர்ந்து ஓட்டம், நீச்சல், சைக்கிள் என்று பழகியவருக்கு இதயத்தின் அறை கொஞ்சம் விரிந்து, ரத்தத்தின் அளவும் கூடி, ஒரு துடிப்புக்கு 100 மில்லி போகும். அப்போது 50 துடிப்பே போதும். 1991 முதல் 1995 வரை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற ஸ்பெயின் வீரர் மிகெல் இந்துராயினுக்கு ஓய்வில் 28 என்று சொல்லப்படுவது இதன் உச்சக்கட்டம்.

ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, 52 இருப்பவர் எல்லாம் ஃபிட், 74 இருப்பவர் ஃபிட் இல்லை என்று சொல்ல முடியாது. இந்த எண்ணில் பெரிய பங்கு பிறவியிலேயே வருவது. உடற்பயிற்சிப் பக்கமே போகாமல் 55ல் இருப்பவர்கள் உண்டு, 72ஐ வைத்துக்கொண்டு பத்து கிலோமீட்டர் சுகமாக ஓடுபவர்களும் உண்டு. சில மாதப் பயிற்சியில் பெரும்பாலானவர்களுக்குக் குறைவது சில துடிப்புகள்தான், இரண்டே வாரத்தில் 80 போய் 60 வந்துவிடும் என்று எதிர்பார்த்து ஏமாந்து நடையை நிறுத்திவிடாதீர்கள். முன்னேற்றம் தெரியவேண்டும் என்றால், அதே பாதையில் அதே வேகத்தில் நடக்கும்போது துடிப்பு போன மாதத்தைவிடக் குறைகிறதா என்று பாருங்கள். வேகமாக நடந்து நிறுத்திய முதல் நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்றும் பாருங்கள். ஓய்வு எண்ணைவிட இவை இரண்டும் உடல்திறனைத் தெளிவாகக் காட்டும்.

இப்போது மிகவும் ஆபத்தான தவறு: எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பு. பிபிக்கோ நெஞ்சுவலிக்கோ அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுபவருக்குத் துடிப்பு குறைவது மாத்திரையின் வேலை. ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் கொடுக்கும் ப்ராப்ரனலாலும் இதே வகைதான். இந்த மாத்திரைகள் நடையின்போது துடிப்பு ஏறுவதையும் தடுக்கும், அதனால் 220லிருந்து வயதைக் கழித்து, வருவதை அதிகபட்சத் துடிப்பு என்று கொண்டு இலக்கு வைத்துக்கொண்டு அதை எட்ட மூச்சு முட்ட ஓடுவது இவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. (மற்றவர்களுக்கும் அந்தக் கணக்கு தோராயம்தான், ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு முன்பின் இருக்கும்.) எண் குறைந்துவிட்டதே என்று மாத்திரையைத் திடீரென்று நீங்களாக நிறுத்தவும் கூடாது, இதயத்துக்கு அது பெரிய ஆபத்தில் முடியலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் துடிப்பு குறையும். வயதானவர்களுக்கு இதயத்தின் மின்னோட்டப் பாதையில் தடை ஏற்பட்டு 40க்குக் கீழே போவதும் உண்டு. அப்பாவுக்குத் தலைசுற்றுகிறது, கொஞ்ச தூரம் நடந்தாலே களைத்துப்போகிறார், வாட்சில் 42 காட்டுகிறது என்றால், "அந்தக் காலத்து உடம்பு" என்று மெச்சிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு பெண்கள் விஷயத்தில் அதிகம் நடக்கிறது, எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். ஓய்வில் 95, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் பெண்ணிடம் "உடம்பை அசைக்கணும், தினமும் நட" என்று அறிவுரை சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் குறைந்தால், அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத்தான் துடித்தாகவேண்டும். அவருக்கு முதலில் வேண்டியது ஹீமோகுளோபின் பரிசோதனை, 12க்குக் கீழே இருந்தால் அதற்கான சிகிச்சை. அப்புறம்தான் நடை. தைராய்டு அதிகம் சுரந்தாலும் துடிப்பு கூடும், கர்ப்ப காலத்தில் 10லிருந்து 20 வரை கூடுவது இயல்பு.

காய்ச்சலில் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் 10 துடிப்பு கூடும் என்பது பொதுவான கணக்கு. வழக்கமாக 62 இருப்பவருக்கு இரண்டு மூன்று நாள் காலையில் தொடர்ந்து 70க்கு மேல் காட்டினால், காய்ச்சல் வரப்போகிறதோ, தூக்கம் போதவில்லையோ, பயிற்சி அளவுக்கு மீறிவிட்டதோ என்று யோசியுங்கள். மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் அட்டவணை கெடக்கூடாது என்று அந்த நாட்களிலும் ஓடுவார்கள். வேண்டாம். மெதுவாக நடங்கள் அல்லது ஓய்வெடுங்கள்.

வாட்சையும் கண்மூடி நம்பாதீர்கள். அது தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கிறது, பட்டை தளர்ந்திருந்தாலோ அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலோ கணக்கு தப்பும். ஓடும்போது சில சமயம் காலடிகளையே துடிப்பாக எண்ணிவிடும். தூக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வாட்சுகள் உண்டு, விழித்திருக்கும் நேரத்தை மட்டும் எடுப்பவையும் உண்டு, அதனால் புது வாட்ச் வாங்கியதும் எண் மாறினால் மாறியது உடம்புதான் என்று நினைக்கவேண்டாம்.

ஓய்வில் தொடர்ந்து 100க்கு மேல் இருந்தாலோ, துடிப்பு ஒழுங்கில்லாமல் வந்தாலோ டாக்டரைப் பாருங்கள். 50க்குக் கீழே போய்த் தலைசுற்றலோ மயக்கமோ களைப்போ சேர்ந்து வந்தாலும் அப்படியே. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கூட வந்தால் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். மற்றபடி போகும்போது ஒரு வாரக் காலை எண்களையும், இருமல் சளி மாத்திரை, இன்ஹேலர் உட்பட நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.