குறட்டைக்குப் பக்கத்தில் தூங்குவது எப்படி?

குறட்டை விடுபவருக்கு அது கேட்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கோ அதைத் தவிர வேறு எதுவும் கேட்காது. ஒரே கட்டிலில் படுத்த இருவரும் காலையில் எழுந்து இரண்டு வேறு இரவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். "நான் எங்கே தூங்கினேன்? முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்?" என்பது குறட்டை விடுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற வசனம்.

எங்கள் வீட்டில் குறட்டை என் மனைவியுடையது. (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்றாள்.) குறட்டை என்றாலே ஆண்கள் சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டிப் பெண்களுக்கும் அது கூடிவிடும். இவளுக்கும் அப்போதுதான் பலமானது.

உங்கள் முன்னால் இருப்பவை இரண்டு வேலைகள். இன்று ராத்திரி நீங்கள் தூங்குவது ஒன்று. அந்தக் குறட்டை எதனால் வருகிறது என்று பார்ப்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் சண்டைதான் மிஞ்சும். முதல் வேலைக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை என்பதால் அதிலிருந்து தொடங்கலாம்.

முதலில் உங்கள் தூக்கம்

நடுராத்திரியில் பஞ்சாயத்து வைக்காதீர்கள். தூக்கம் கெட்டவருக்கு நிதானம் இருக்காது, தூக்கத்தில் இருப்பவருக்கு நாம் பேசுவது எதுவும் புரியாது. பேசவேண்டியதைப் பகலில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தோளில் இரண்டு தட்டு தட்டினால் ஒருக்களித்துத் திரும்பிப் படுக்கவேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. தூக்கக் கலக்கத்திலும் அது அவளுக்குப் புரிந்துவிடுகிறது, எழுந்து உட்கார்ந்து "என்ன ஆச்சு?" என்று கேட்பதில்லை. முழங்கையால் இடிப்பது, போர்வையை இழுப்பது, வேண்டுமென்றே இருமுவது எல்லாம் இருவரையும் முழுசாக எழுப்பிவிடும்.

அப்புறம், இயர் பிளக். "போட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலானவர்கள் அதைச் சரியாகப் போட்டிருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். ஃபோம் பிளக்கை அப்படியே காது வாசலில் அமுக்கினால் பிரயோஜனம் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு, விரல்களுக்கு நடுவே மடிப்பு விழாமல் மெல்லிய குச்சிபோல உருட்டவேண்டும். வலது காது என்றால் இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து, காது மடலை மேலேயும் பின்னாலும் இழுத்துப் பிடிக்கவேண்டும். அப்போது காதுத் துவாரத்தின் வளைவு நேராகும். பிளக்கை உள்ளே விட்டு, அது விரிந்து அடைக்கும்வரை 20, 30 வினாடி விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருங்கள். பிறகு ஏதாவது பேசிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள்ளிருந்து முழங்கினால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நல்ல ஃபோம் பிளக் பாக்கெட்டில் 33 டெசிபல் வரைக்கும் குறைக்கும் என்று போட்டிருப்பார்கள். அது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. அடித்தொண்டையிலிருந்து வரும் கனத்த சத்தம் அதையும் கொஞ்சம் தாண்டி வரத்தான் செய்யும். குறட்டை இல்லாமல் போகாது, பக்கத்து அறைக்குக் குடிபோனதுபோல் இருக்கும். தூங்க அது போதும். காலையில் எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாகத் திருகி எடுங்கள். அழுக்கானாலோ விறைத்துப்போனாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். காதில் சீழ், வலி, அடைப்பு இருந்தால் பிளக் வேண்டாம். கைக்குழந்தையோ இரவில் கூப்பிடக்கூடிய முதியவரோ வீட்டில் இருந்தால், அன்று யார் காது திறந்திருக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

குறட்டை எழுப்புவது சத்தத்தால் மட்டும் இல்லை. அதன் ஒழுங்கின்மையும் காரணம். ஒன்று வந்து முடிந்ததும் அடுத்தது எப்போது வரும் என்று காது காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறது. மாறாமல் ஓடுகிற ஒரு சத்தம் இந்த இடைவெளிகளை நிரப்பும். மின்விசிறியின் இரைச்சல் போதும், இல்லாவிட்டால் மழைச் சத்தமோ வெறும் இரைச்சலோ தருகிற செயலி ஒன்றைப் போடலாம். ஃபோனை உங்கள் தலைக்கும் குறட்டைக்கும் நடுவே வைத்து, குறட்டையின் முனை மழுங்குகிற அளவுக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டுங்கள். அதையும் அமுக்கும் அளவுக்கு வைத்தால் இரண்டு தொல்லையாகிவிடும்.

முடிந்தால் அவருக்கு முன்னால் நீங்கள் படுத்துவிடுங்கள். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே வந்துவிடும். குறட்டை தொடங்கும்போது நீங்கள் அதற்குள் போயிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. என் மனைவி புத்தகத்தோடு அரை மணி நேரம் வெளியே உட்கார்ந்திருப்பாள், அந்த அரை மணி நேரம் எனக்கு.

அப்படியும் விழித்துக்கொண்டால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பார்த்தவுடன் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். சுமார் 20 நிமிடம் ஆனதுபோல் தோன்றியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் எங்காவது உட்காருங்கள். ஃபோன் வேண்டாம். கண் சொக்கினால் திரும்பிவந்து படுக்கலாம்.

தனி அறையைப் பற்றி ஊர் உலகம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எனக்கு அதில் வெட்கம் இல்லை. கோபத்தோடு ராத்திரி ஒரு மணிக்குத் தலையணையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினால் எதிராளிக்கு வலிக்கும். சாப்பிட்டு முடித்ததுமே "நாளைக்குக் காலையில சீக்கிரம் போகணும், நான் அந்த ரூம்ல படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனால் வலிக்காது. வேலை நாட்களில் தனி, மற்ற நாட்களில் ஒன்றாக என்றும் வைத்துக்கொள்ளலாம். இன்னோர் அறை இல்லாத வீட்டில், ஒருவர் தலைமாட்டிலும் மற்றவர் கால்மாட்டிலும் தலைவைத்துப் படுக்கலாம். அந்த நாலைந்து அடி தூரமே ஓரளவு உதவும்.

தூக்கம் கெட்ட மறுநாள் வண்டி ஓட்டுவதில் கவனமாக இருங்கள். மதியம் 3 மணிக்கு முன்னால் 20 நிமிடக் குட்டித் தூக்கம் போடலாம். அதற்குமேல் நீட்டினால் இரவுத் தூக்கத்திலிருந்து கழிந்துவிடும். காபியை மதியத்தோடு நிறுத்துங்கள். குடித்த காஃபீனில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

அப்புறம் அந்தக் குறட்டை

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். உள்நாக்கும் அதை ஒட்டிய மென்மையான மேல் அண்ணமும் தொங்கி, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து, மூச்சுப் போகும் வழி குறுகும். அந்தக் குறுகலில் காற்று நுழையும்போது தசைகள் படபடக்கிற சத்தம்தான் குறட்டை. மல்லாந்து படுத்தால் நாக்கு இன்னும் சரியும். அதனால்தான் பலருக்கும் ஒருக்களித்துப் படுத்தாலே குறைகிறது. டி-ஷர்ட்டின் முதுகுப்பக்கம் பை தைத்து அதில் டென்னிஸ் பந்தைப் போட்டுவைப்பது பழைய வைத்தியம். என் மனைவியிடம் அது ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை, பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணை ஒன்றை அணை கொடுத்ததில் அதே வேலை நடந்தது.

தலையை உயர்த்தவேண்டும் என்று தலையணைமேல் தலையணை அடுக்காதீர்கள். கழுத்து முன்னால் மடிந்து மூச்சுவழி இன்னும் குறுகும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துங்கள். மூக்கடைப்பு இருந்தால் படுக்கப் போகும்முன் கொதித்து ஆறிய நீரில் கலந்த உப்புக்கரைசலால் மூக்கைக் கழுவலாம், மூக்கின் மேல் ஒட்டுகிற ஸ்ட்ரிப் சிலருக்கு உதவும். அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் போட்டால் நிறுத்தியதும் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். மதுவும் சில தூக்க மாத்திரைகளும் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும். எடை கூடியிருந்தால் கொஞ்சம் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும், ஆனால் அதைச் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு வேண்டாம், மருத்துவர் சொல்லட்டும். வாயில் டேப் ஒட்டிக்கொள்கிற மோகம் ஒன்று இப்போது பரவியிருக்கிறது. மூக்கடைப்பு உள்ளவர்களுக்கும், அடுத்துச் சொல்லப்போகிற தொந்தரவு உள்ளவர்களுக்கும் அது ஆபத்து.

தொண்டைக்கும் நாக்குக்கும் பயிற்சிகள் உண்டு, அவற்றால் ஓரளவு பலன் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ என்ற நீளமான ஊதுகுழலை வாசித்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது குறைகிறது என்று ஒரு மருத்துவ ஆய்வே 2006-ல் வெளிவந்தது. 2017-ல் அதற்கு இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. நான் வாங்கித் தரவில்லை. பகலிலும் சத்தம் வேண்டாம் என்றுதான்.

நின்றுபோகிற குறட்டை

இதை மட்டும் தூக்கத்தைத் தியாகம் செய்தாவது ஓரிரு இரவு கவனியுங்கள். குறட்டை படிப்படியாக ஏறும், சட்டென்று நிற்கும். அப்பாடா என்று இருக்கும். அந்த நேரத்தில் மார்பையும் வயிற்றையும் பாருங்கள். அவை மூச்சுக்காக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், மூக்கிலும் வாயிலும் காற்று போகாது. பிறகு ஒரு திணறல், ஒரு பெரிய உறுமல், உடம்பு உதறும், குறட்டை மறுபடி ஆரம்பிக்கும். இப்படி 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதைத்தான் ஸ்லீப் ஆப்னியாவில் கணக்கிடுவார்கள். மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 முதல் 14 தடவை என்றால் லேசானது, 15 முதல் 29 என்றால் நடுத்தரம், 30-ம் அதற்கு மேலும் தீவிரம். ரத்த அழுத்தம், இதயத் துடிப்பில் கோளாறு, பக்கவாதம் வரைக்கும் இதற்குத் தொடர்பு உண்டு.

இதற்கு ஒரே சாட்சி நீங்கள்தான். தூங்குகிறவருக்குத் தெரிந்ததெல்லாம் காலைத் தலைவலி, வறண்ட வாய், இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் அயர்வது. கழுத்தின் சுற்றளவு ஆண்களுக்கு 17 அங்குலத்துக்கும் பெண்களுக்கு 16 அங்குலத்துக்கும் மேலே இருந்தால் சந்தேகம் கூடும். பெண்கள் பல நேரம் குறட்டையைச் சொல்லாமல் அசதி, தூக்கமின்மை, மனச்சோர்வு என்றே சொல்வார்கள், கேட்பவரும் வயதாகிறது என்று விட்டுவிடுவார். என் மனைவிக்கும் அசதிக்குத்தான் மருந்து நடந்துகொண்டிருந்தது. தைராய்டு குறைவும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்பதால் அதையும் சோதித்துவிடுவது நல்லது.

ஃபோனில் பதிவு செய்யுங்கள், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். உறவினர் முன்னால் போட்டுக்காட்டிச் சிரிப்பதற்கில்லை அது. "நீ குறட்டை விடறே" என்று சொன்னபோதெல்லாம் என் மனைவி முறைத்தாள். "உனக்கு நடுவுல மூச்சு நிக்குது, எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிப் பதிவைக் காதில் வைத்தபோது, அந்த மௌன இடைவெளி வந்ததும் தன்னையறியாமல் மூச்சை இழுத்துக்கொண்டாள். "எப்போ போகலாம்?" என்றுதான் அடுத்துக் கேட்டாள்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ போகலாம். விரலில் ஒரு கிளிப், மார்பில் ஒரு பட்டை, மூக்கில் மெல்லிய குழாய் என்று ஒரு இரவு தூங்கச் சொல்வார்கள். பலருக்கு வீட்டிலேயே செய்துவிடலாம். லேசாக இருந்தால், பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தரும், கீழ்த்தாடையை முன்னால் தள்ளி வைக்கும் கருவியே போதும். அதற்கு மேல் என்றால் சிபாப். முகமூடி வழியாகக் காற்றை மெல்லத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கிற இயந்திரம். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் உலகுக்குச் சொன்னது. இப்போதைய இயந்திரங்களின் சத்தம் மின்விசிறியைவிடக் குறைவு. முகமூடி பழகத்தான் நாளாகும். சாயங்காலம் டி.வி. பார்க்கும்போதே கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டு பழகினால் இரவில் பிடுங்கி எறியத் தோன்றாது. காற்று கசிந்தால் பட்டையை இறுக்கிக்கொண்டே போகாமல் முகமூடி அளவை மாற்றச் சொல்லுங்கள். வாய் உலர்ந்தால் ஈரப்பதம் சேர்க்கிற பகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தை தினமும் குறட்டை விட்டால் அது தனி விஷயம், டான்சிலோ அடினாய்டோ காரணமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

குறட்டை நின்ற அன்றே நீங்கள் தூங்கிவிடுவீர்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். என் காது அதற்கப்புறமும் ரொம்ப நாள் காத்துக்கொண்டிருந்தது. சத்தம் இல்லாவிட்டால் "மூச்சு வருதா?" என்று எட்டிப் பார்க்கிற பழக்கமும் சேர்ந்துகொண்டது. பெரும்பாலும் தானாகச் சரியாகும். வாரத்துக்கு மூன்று இரவாவது தூக்கம் வராமல் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை, பழியைக் குறட்டைமேல் போட முடியாது. மாத்திரைக்கு முன்னால் சிபிடி-ஐ என்கிற பேச்சு, பழக்கமாற்றச் சிகிச்சை கிடைக்குமா என்று கேளுங்கள். அவருடைய மெஷினைப் பரிசோதிக்கப் போகிற அன்றைக்கே உங்கள் பெயருக்கும் ஒரு டோக்கன் வாங்கிவிடுங்கள்.